பதினாலாயிரம் வெள்ளிக் கோடு

2008 நவம்பரில் சிங்கப்பூரில் சிறிய ரகக் கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழ் இரண்டு வெள்ளிக்கு ஏலம் போயிற்று. இரண்டே வெள்ளி, கோப்பிக்கடையில் ஒரு கோப்பியும் ரொட்டியும் வாங்கும் காசு. 2023 அக்டோபரில் அதே ரகத்துக்கான சான்றிதழ் 1,06,000 வெள்ளியைத் தொட்டது. பெரிய கார்களுக்கு 1,50,001 வெள்ளி. இது காரின் விலை இல்லை. பத்து ஆண்டுகள் அதைச் சாலையில் ஓட்டலாம் என்பதற்கான அனுமதியின் விலை. சாலையில் வண்டிகள் பெருகிவிடக் கூடாது என்று 1990 மே மாதம் அந்தச் சின்னத் தீவு கொண்டுவந்த ஏற்பாடு அது.

ஒரே அலுவலகத்தில், ஒரே பதவியில், ஒரே சம்பளம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முதல் சான்றிதழை வாங்கிய காலத்தவர். மற்றவர் இரண்டாவதை வாங்க வேண்டியவர். சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே வர்க்கம். ஒருவர் பிள்ளைகளைக் காரில் பள்ளியில் இறக்கிவிட்டார். மற்றவருக்கு அது எட்டாத சொத்து. அவையோர் முன் இன்று வைக்கப்படும் கேள்வி இதுதான்: விலை மிகுந்த ஒரு நகரத்தில் எவ்வளவு வருமானம் வந்தால் ஒரு குடும்பம் நடுத்தரக் குடும்பம்? எவ்வளவுக்கு மேல் அது வசதியான குடும்பம்? சிங்கப்பூரை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வருமானத்தை இவ்வளவு துல்லியமாக எண்களாக வகுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாசலைத் திறந்தோ மூடியோ வைத்திருக்கும் நகரம் வேறொன்று கிடைப்பது அரிது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புத் தேடிப் போன நகரமும் அதுதான்.

எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் ஆண்டுதோறும் வெளியிடும் உலக நகரங்களின் விலைவாசிப் பட்டியலில் சிங்கப்பூர் 2014-ல் முதலிடம் பிடித்தது; அதன்பின் பல ஆண்டுகள் அந்த இடத்தை விடவில்லை. 2023-ல் ஜூரிக்குடன் அதைப் பகிர்ந்துகொண்டது. 2014-ல் அந்தச் செய்தி வந்ததும் அன்றைய துணைப் பிரதமரும் நிதியமைச்சருமான தர்மன் சண்முகரத்னம் நாடாளுமன்றத்தில் ஒரு விளக்கம் தந்தார். அந்தப் பட்டியல் அளப்பது வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் அதிகாரிகளின் செலவை. உள்ளூர்க் குடும்பத்தின் செலவு வேறு என்பது அவர் வாதம். அது சரியான வாதம்தான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு பெரிய உண்மை இருக்கிறது: ஒரே நகரத்தில் இரண்டு விலைவாசிகள் உண்டு. யார் எந்த விலையில் வாழ்கிறார்கள் என்று தெரியாமல் அவர்கள் வருமானத்தைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது.

அரசுப் புள்ளிவிவரத் துறையின் கணக்கிலிருந்து தொடங்கலாம். 2024-ல் வேலைக்குச் செல்வோர் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 11,297 வெள்ளி. அதாவது, எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல் என்பதால் இந்த எண் தமிழ்நாட்டுக் காதுகளுக்குப் பெரிதாகவே ஒலிக்கும். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலாளி கட்டும் மத்திய சேமநிதிப் பங்கும் அதில் சேர்ந்திருக்கிறது. அது கைக்கு வரும் காசு இல்லை. ஒருவராவது வேலை பார்க்கும் குடும்பங்களை மட்டுமே இந்த எண் அளக்கிறது. குடிமக்களோ நிரந்தரவாசிகளோ தலைமை ஏற்கும் குடும்பங்கள் மட்டுமே இதில் அடங்கும். ‘வொர்க் பெர்மிட்’டில் வந்து கட்டடம் கட்டுபவரும் அடுத்த வீட்டில் தங்கி வேலை பார்க்கும் பணிப்பெண்ணும் இந்த வரிசையில் நிற்கவே இல்லை.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடுத்தர வர்க்கத்துக்கு ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறது. இடைநிலை வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் இருப்பவர் நடுத்தரம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அதைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு, சிங்கப்பூர் எண்ணை அப்படியே இதில் போட்டால் 7,531 வெள்ளியிலிருந்து 22,594 வெள்ளி வரை எல்லோரும் நடுத்தரம். பேருந்து ஓட்டும் கணவரும் அலுவலக உதவியாளரான மனைவியும் இதற்குள் வருகிறார்கள். வங்கியில் பெரிய பொறுப்பில் இருக்கும் தம்பதியும் வருகிறார்கள். இருவரையும் ஒரே பெயரால் அழைக்கும் அளவுகோல், இருவரில் யாருடைய வாழ்க்கையைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் வேறு வழி பிடித்தார்கள். அமெரிக்க மத்திய அரசின் வீடமைப்புத் துறை, வீட்டுச் செலவையும் கணக்கில் கொண்டு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எல்லை வகுக்கிறது. 2018-ல் சான்பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, மரீன் மாவட்டங்களில் ஆண்டுக்கு 1,17,400 டாலர் ஈட்டும் நால்வர் குடும்பம் ‘குறைந்த வருமானக் குடும்பம்’ என்று அந்தத் துறை அறிவித்தது. அமெரிக்காவின் வேறு ஊர்களில் அந்தப் பணத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கியவர்களுக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. ஆனால் சூத்திரம் தவறில்லை. வீட்டு விலைதான் வருமானத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை அது ஒப்புக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் அரசு நடுத்தர வர்க்கம் இதுதான் என்று எங்கும் வரையறுத்ததில்லை. வறுமைக்கோடும் அங்கு கிடையாது. 2013-ல் ஹாங்காங், இடைநிலை வருமானத்தில் பாதியை வறுமைக்கோடாக அறிவித்தபோது சிங்கப்பூரிலும் அந்தக் கோரிக்கை எழுந்தது. அன்றைய சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சர் சான் சுன் சிங் மறுத்தார். ஒரே கோடு போட்டால் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர் எல்லா உதவியையும் ஒரே அடியில் இழப்பார் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதிலாகப் பல அடுக்குகளில் உதவி தருகிறோம் என்று சொல்லி, மலாய்க்காரர்களின் அடுக்குப் பலகாரமான குவே லாப்பிஸை உதாரணம் காட்டினார்.

நியாயமான கவலை. ஆனால் அந்த நகரத்தில் கோடுகளுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. சிங்கப்பூர்த் தமிழர் ‘வீவக’ என்று சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிகளைப் படித்தால் ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் கிடைத்துவிடும். மாத வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருந்தால் அரசு வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நெடுங்கால அளவுகோல். அங்கு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு 9,000 வெள்ளிக்குள் வருமானம் இருந்தால் கூடுதல் மானியம். 2024 ஆகஸ்ட் முதல் அதன் உச்சவரம்பு 1,20,000 வெள்ளி. 14,000 வெள்ளிக்குள் இருந்தால் கழகம் புதிதாகக் கட்டும் வீட்டை வாங்கலாம். 16,000-க்குள் என்றால், அரசு நிலத்தில் தனியார் கட்டித்தரும் ‘எக்சிகியூட்டிவ் கொண்டோமினியம்’. அதற்கு மேல் போனால் சந்தைதான் கதி. மணமாகாதவர்களுக்கு வேறு கோடு: வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும், வருமானம் 7,000-ஐத் தாண்டக் கூடாது.

நடுவில் நிற்கும் பதினாலாயிரம் கோட்டின் வரலாறு சுவையானது. 1994-லிருந்து அது 8,000 வெள்ளியாக இருந்தது. பதினேழு ஆண்டுகள் அசையவில்லை. சம்பளம் ஏறியது, விலைவாசி ஏறியது. கோடு அங்கேயே நின்றது. ஆண்டுதோறும் சம்பள உயர்வு வாங்கிய இளம் தம்பதிகள், அந்த உயர்வினாலேயே தகுதியை இழந்தார்கள். 2011 பொதுத் தேர்தலில் வீட்டு விலை பெரும் பிரச்சினையாக வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கோடு 10,000 ஆனது. 2015-ல் 12,000. 2019 செப்டம்பரில் 14,000. ஆக, 2010-ல் 8,500 வெள்ளி ஈட்டிய தம்பதி கழகத்தின் புதிய வீட்டுக்கு மேற்பட்ட வசதிக்காரர். பத்தாண்டு கழித்து 13,500 ஈட்டிய தம்பதி உதவிக்குரிய நடுத்தரம். அந்த எட்டாயிரத்து ஐந்நூறுக்காரர் ஒரு நாளும் பணக்காரராக வாழ்ந்ததில்லை. ஆனால் அவர் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது, வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடரும்.

வீட்டுக்கு ஏன் இத்தனை கனம்? 1960-ல் வீவக தொடங்கியபோது அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அத்தாப்பு ஓலைக் குடிசைகளிலும் நெரிசலான கடைவீட்டு அறைகளிலும் மக்கள் கிடந்தார்கள். 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் பற்றிய தீ ஏறக்குறைய பதினாறாயிரம் பேரை வீடற்றவர்களாக்கியது. அதன்பிறகு கட்டுமானம் அசுர வேகம் பிடித்தது. 1964-ல் வீட்டைச் சொந்தமாக விற்கும் திட்டம் வந்தது. 1968-ல் சேமநிதிப் பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் கட்டலாம் என்று சட்டம் மாறியது. இந்த இரண்டாவது மாற்றம்தான் சிங்கப்பூர் நடுத்தர வர்க்கத்தை உருவாக்கியது என்று சொன்னால் மிகையில்லை. இன்று பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு. மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது வயதை ஒட்டிய தம்பதி. இருவருக்கும் மாதச் சம்பளம் ஆறாயிரம் வெள்ளி. அவரவர் சம்பளத்தில் நூற்றுக்கு 20 சேமநிதிக்குப் போகிறது. முதலாளி 17 சேர்க்கிறார். கைக்கு வருவது இருவருக்குமாக 9,600 வெள்ளி. சேமநிதியில் விழுவது 4,440. அதில் வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய சாதாரணக் கணக்கில் மட்டும் 2,760. இவர்கள் வீவகவிடம் நாலறை வீடு வாங்கி, மூன்று லட்சம் வெள்ளிக் கடனை 2.6 விழுக்காடு வட்டியில் இருபத்தைந்து ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,360 வெள்ளி. சேமநிதியே அதைக் கட்டிவிடும். பாதிப் பணம் மிஞ்சும். கைக்கு வந்த 9,600-லிருந்து வீட்டுக்காக ஒரு வெள்ளிகூட எடுக்க வேண்டியதில்லை. வருமான வரியோ ஆளுக்கு மாதம் இருநூறு வெள்ளியைத் தாண்டாது. பிள்ளை அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போனால் கட்டணம் இல்லை. இதரக் கட்டணம் என்று சில வெள்ளிகள் மட்டும்.

இப்போது அதே பன்னிரண்டாயிரம் வெள்ளியை, சென்னையிலிருந்து ‘இ பாஸ்’ என்னும் வேலை அனுமதி வாங்கிக்கொண்டு மென்பொருள் வேலைக்குப் போன ஒருவர் தனியாக ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சேமநிதி கிடையாது. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. ஊரில் கேட்பவர்களுக்கு மாதம் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் அதே நாலறை வீவக வீட்டில் அவர் வாடகைக்கு இருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் அந்த வாடகை மூவாயிரம் வெள்ளியை ஒட்டியும் அதற்கு மேலும் போயிருக்கிறது. பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தாலே பெரிது; கிடைத்தால் வெளிநாட்டவர் கட்டணம் தொடக்கப்பள்ளியிலேயே மாதம் எண்ணூறு வெள்ளிக்கு மேல். மருத்துவமனையில் மானியம் இல்லை. பத்தாண்டு கழித்து முதல் தம்பதியிடம் ஒரு வீடு இருக்கும், அதன் விலை ஏறியிருக்கும். இவரிடம் கட்டிய வாடகைகளின் ரசீதுகள் இருக்கும். மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பியிருப்பார்.

வெளிநாட்டவருக்கும் கோடுகள் உண்டு. நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவியையும் பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளலாம். அம்மா அப்பாவை நீண்ட நாள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் 12,000. தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டாவது எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பிரசவத்துக்கு வந்த அம்மா விசா முடிந்ததும் திரும்பிப் போகிறார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தொலைபேசி வரும்போது மகன் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி ஈட்டுபவர், நகரத்து வேலையாட்கள் பலரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தும் மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டியிருக்கலாம். எந்தப் பொருளாதார நூலும் இவரை ஏழை என்று சொல்லாது. ஆனால் மாலையில் வீடு திரும்பிப் பிள்ளையைத் தூக்க முடியாத ஒருவரை எந்த வர்க்கத்தில் வைப்பது?

சொந்த மண்ணில் பிறந்தவர்களுக்குள்ளும் பிளவு இருக்கிறது. அது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் விழுந்த பிளவு. 2012 செப்டம்பரில் குவீன்ஸ்டவுனில் ஒரு வீவக வீடு பத்து லட்சம் வெள்ளிக்கு மறுவிற்பனையானது. அப்போது அது நாடெங்கும் தலைப்புச் செய்தி. 2024-ல் அந்த விலையைத் தொட்ட வீவக வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். மக்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிகள்தாம் எல்லாம். 2021 நவம்பரில் ரோச்சோரில் கழகமே புதிதாக விற்பனைக்கு விட்ட நாலறை வீடுகள் மானியம் நீங்கலாக 5,82,000 வெள்ளியிலிருந்து தொடங்கின. அந்த வட்டாரத்தில் முன்பே, பழைய விலையில் வாங்கிவிட்ட பள்ளி ஆசிரியருக்கு அது கவலையில்லாத முதுமை. அவருடைய மாணவிக்கு, அவரைவிட இரு மடங்கு சம்பளம் வாங்கினாலும், அதே மாடியில் குடியேற முடியாது.

மருத்துவமனைத் தாதியும் பொறியாளரும் மணமுடித்து, இருவர் வருமானமும் சேர்ந்து பதினாறாயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆகிறது என்றால் இரண்டு வாசல்களும் மூடிவிடும். புதிய வீவக வீடு இல்லை. எக்சிகியூட்டிவ் கொண்டோமினியம் இல்லை. தனியார் கூட்டுரிமை வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று படுக்கையறையோடு பதினைந்து லட்சம் வெள்ளிக்குக் குறைவாகப் புதிய வீடு கிடைப்பது அரிது. வங்கி முக்கால்வாசிதான் கடன் தரும். மிச்சம் 3,75,000 வெள்ளி. அதில் 75,000 கையிருப்புப் பணமாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் வீவக மறுவிற்பனைச் சந்தை. அங்கே வருமான வரம்பு இல்லை, ஆனால் வருமானத்தைப் பார்த்துத் தரும் மானியங்களும் இவர்களுக்கு இல்லை. இவர்களைச் சிங்கப்பூரில் இரண்டு ரொட்டிகளுக்கு இடையில் சிக்கிய ‘சாண்ட்விச் வர்க்கம்’ என்பார்கள். வசதியானவர்கள் புலம்புகிறார்கள் என்று இவர்களைத் தள்ளிவிடுவோர் உண்டு. அது சரியில்லை. இவர்களுக்குப் பின்னால் பெற்றோர் பணம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதை எந்தக் கோடும் கேட்பதில்லை.

கேட்காதது வீவக மட்டும் இல்லை. 2008 பிப்ரவரியில் சிங்கப்பூர் மரபுரிமைச் சொத்து வரியை நீக்கியது. மூலதன ஆதாயத்துக்கும் வரி கிடையாது. தாத்தா விட்டுப்போன பங்குகளோடு மாதம் ஒன்பதாயிரம் ஈட்டும் இளம் தம்பதி பதினாலாயிரம் கோட்டுக்குள் பத்திரமாக நிற்கிறார்கள். தந்தை டாக்சி ஓட்டிப் படிக்கவைத்த இருவர் மணந்துகொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உழைத்து ஈட்டுவதை வெள்ளி வெள்ளியாக எண்ணும் அதே அரசு, வந்து சேர்ந்த சொத்தை எண்ண மறந்திருக்கிறது. வர்க்கம் பற்றிப் பேசும்போது மிக அதிகமாக வருந்த வேண்டிய இடம் இது.

சொத்தை அரசு முற்றிலும் பார்ப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் படுக்கை வகுப்புகளுக்கு வெளிப்படையாகவே ஏ, பி1, பி2, சி என்று பெயர். ஏ வகுப்பில் தனி அறை, மானியம் இல்லை. சி வகுப்பில் பொது வார்டு, கட்டணத்தில் பாதியிலிருந்து நூற்றுக்கு எண்பது வரை மானியம். இந்த மானியத்தின் அளவை, குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்து முடிவு செய்கிறார்கள். வீட்டில் யாருக்குமே வருமானம் இல்லையென்றால் வீட்டின் ‘ஆண்டு மதிப்பு’, அதாவது ஓராண்டு வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு, அளவுகோலாகிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுக்கும் இதே மதிப்பு ஒரு வரம்பு. நகரத்தில் வாடகை ஏறியபோது ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த முதியவர்கள் காகிதத்தில் பணக்காரர் ஆனார்கள். அதனால் அந்த மேல்வரம்பை 2024-ல் 21,000-லிருந்து 25,000 வெள்ளிக்கும், 2025-ல் 31,000-க்கும் உயர்த்த வேண்டியிருந்தது. ஓய்வூதியமில்லாத மூதாட்டி ஒருவர், கணவர் ஐம்பது ஆண்டுக்கு முன் வாங்கிய தரைவீட்டில், மின்விசிறியை மட்டும் போட்டுக்கொண்டு வாழ்ந்தாலும் அரசுக் கணக்கில் வசதியானவர்தாம்.

எண்களை மேலிருந்து பார்த்தது போதும். கீழிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. சமூகவியலாளர் தியோ யூ யென், லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கொக் ஹோ ஆகியோர் அடங்கிய குழு, சாதாரண மக்களைக் கூட்டி உட்காரவைத்து, மரியாதையோடு வாழ என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னது. கைத்தொலைபேசி, பேருந்து அட்டை, ஆண்டுக்கு இத்தனை உடை, பண்டிகைக்கு உறவினருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என்று ஒவ்வொன்றையும் விவாதித்து விலை போட்டார்கள். 2019-ல் வெளியான முதல் அறிக்கைப்படி, தனியே வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி தேவை. 2021 அறிக்கைப்படி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளோடு கணவன் மனைவிக்கு 6,426 வெள்ளி. இது ஆடம்பரத்துக்கான கணக்கு இல்லை. காரும் கூட்டுரிமை வீடும் இதில் கிடையாது.

அரசு இதை ஏற்கவில்லை. துணை வகுப்புகளும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் அடிப்படைத் தேவை ஆகமாட்டா, அவை விருப்பங்கள் என்றது. சுற்றுலாவைப் பற்றி வாதிடலாம். துணைப்பாட வகுப்பைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியுமா? 2018-ல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்கு 140 கோடி வெள்ளி செலவிட்டன. 2023-ல் அது 180 கோடி. தொடக்கநிலை இறுதித் தேர்வில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாங்கும் மதிப்பெண், எந்த உயர்நிலைப் பள்ளி என்பதை முடிவு செய்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போகும் இடத்துக்குத் தன் பிள்ளையை அனுப்ப முடியாத தாய்க்கு, அது விருப்பம் சார்ந்த செலவு என்று யாரும் விளக்க முடியாது. ஒரு நகரத்தில் எல்லோரும் செய்வதைச் செய்ய முடிவது நடுத்தரம் என்பதன் ஓர் அடையாளம். அந்தச் செலவு ஆண்டுக்கு ஆண்டு மற்றவர்களால் உயர்த்தப்படுகிறது.

இந்த நடுத்தர வாழ்வு யார் தோளில் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் பிள்ளையையும் படுத்த படுக்கையான பாட்டியையும் பார்த்துக்கொள்வது இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்த பணிப்பெண். சிங்கப்பூரில் அவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். சிறு பிள்ளையோ முதியவரோ உள்ள வீட்டுக்கு அவர்களுக்கான மாதத் தீர்வை 300-லிருந்து 60 வெள்ளியாகக் குறைக்கப்படுகிறது. இரண்டாவது சம்பளம் நிலைக்க வேண்டும் என்பதற்கான அரசின் ஏற்பாடு அது. அந்தப் பெண் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை உண்டு. மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத விடுப்பு கட்டாயம் என்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது.

கட்டுமானத் தளங்களின் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து ‘டெஸ்ட் அடித்து’, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, முகவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்துப் பெர்மிட்டில் போகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு இருபது வெள்ளி அளவில் தொடங்கும். ஓவர்டைம் பார்த்தால்தான் கடன் அடையும். ஆறாயிரம் வெள்ளிக் கோடு அவருக்குப் பொருந்தாது. பெர்மிட்டில் இருப்பவர் எவ்வளவு ஈட்டினாலும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விதி இல்லை. பதினாலாயிரம் வெள்ளித் தம்பதிக்கு வீடு கட்டிக் கொடுப்பவர் இவர்தாம். இவருடைய கூலி குறைவாக இருப்பதால்தான் அந்த வீடு கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது. அப்படியிருக்க, 11,297 என்ற இடைநிலை எண்ணைக் கணக்கிடும்போது இவரை விட்டுவிடுவது அந்த எண்ணின் நேர்மையையே குறைக்கிறது. 2020-ல் கொவிட் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது தினசரி அறிக்கையில் விடுதி எண்ணிக்கை தனி, சமூக எண்ணிக்கை தனி என்று பிரித்து வெளியிட்டார்கள். வருமானப் புள்ளிவிவரத்தில் அந்தப் பிரிவினை அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது.

திருச்சி விமான நிலையத்துக்குப் பெட்டியோடு கிளம்பும் இளைஞரிடம் ‘எவ்வளவு சம்பளம்’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கூடவே கேட்க வேண்டியவை சில உண்டு. என்ன பாஸ்? சேமநிதி உண்டா? தங்குமிடம் யார் செலவு? ஆறாயிரம் வெள்ளியைத் தொட எத்தனை ஆண்டு ஆகும்? இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் சம்பள எண் தானாகப் பொருள் தரும்.

அந்த ஊர் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பதினாலாயிரம் வரம்பை மறுபரிசீலனை செய்வதாகச் சிங்கப்பூர் அரசு 2025-ல் அறிவித்தது. கோட்டை இன்னும் இரண்டாயிரம் நகர்த்துவதோடு அது முடிந்துவிடக் கூடாது. நகர்த்தினால் புதிய கோட்டுக்கு ஒரு வெள்ளி மேலே வேறொரு தம்பதி வந்து நிற்பார்கள். 2013-ல் சான் சுன் சிங் எச்சரித்த அதே பள்ளம் அங்கேயும் இருக்கும். மாற்றுவழி கழகத்தின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் வீட்டுக்கான கூடுதல் மானியம் வருமானம் ஐந்நூறு வெள்ளி ஏற ஏறச் சிறிது சிறிதாகக் குறைந்து, 9,000 வெள்ளியில்தான் முடிகிறது. எந்தப் படியிலும் யாரும் மொத்தத்தையும் இழப்பதில்லை. புதிய வீட்டின் விலைச் சலுகையையும் பதினாலாயிரத்துக்கு மேல் அதே முறையில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். விண்ணப்பத்தில் சம்பளத்தோடு சேமிப்பையும் பங்குகளையும் பரம்பரைச் சொத்தையும் கேட்கலாம். இதற்குப் புதிய துறை வேண்டியதில்லை. மானிய அட்டவணையில் சில வரிகளும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கமும் கூடினால் போதும்.